மசாலாப் பொடித் தொழிலுக்கு 3 லட்சம்: பெண்களுக்கான அரசுக் கடன் எங்கே, எப்படிக் கிடைக்கும்?

கேட்டிருப்பவர் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்துப் பெண். சில வருடங்களாக வீட்டிலேயே சாம்பார்ப் பொடி, மிளகாய்த் தூள், இட்லிப் பொடி தயாரித்து அக்கம்பக்கத்துக் கடைகளுக்குப் போடுகிறார். அரைப்பது வெளி மில்லில். சொந்தமாக ஓர் அரவை மெஷின், பாக்கெட் ஒட்டும் மெஷின், சீசனில் மொத்தமாக மிளகாய் வாங்கக் கொஞ்சம் பணம் என்று 3 லட்சம் தேவைப்படுகிறது. "பெண்களுக்கு 10 லட்சம் வட்டியில்லாக் கடன்" என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பலாமா, வாங்கித் தருகிறேன் என்று 8,000 ரூபாய் கேட்கும் ஏஜென்டிடம் கொடுக்கலாமா, மத்திய அரசின் தொழில் கடன் திட்டங்களான முத்ரா, பிஎம்இஜிபி (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்) இரண்டில் எது நல்லது என்பது அவருடைய கேள்வி.

சகோதரி, முதலில் அந்த 8,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். முத்ரா நிறுவனம் யாருக்கும் நேரடியாகக் கடன் தருவதில்லை, ஏஜென்ட் என்று யாரையும் நியமிக்கவும் இல்லை. "உங்கள் கடன் ஒப்புதல் ஆகிவிட்டது, கட்டணம் கட்டுங்கள்" என்று முத்ரா பெயரில், அசோகச் சின்னம் போட்டு வரும் கடிதங்கள் மோசடி.

வாட்ஸ்அப் செய்தியின் கதை வேறு. அந்தப் பட்டியல்களைக் கவனித்துப் படித்தால் பாதிப் பெயர்கள் உங்களுக்குப் பொருந்தாதவை என்பது தெரியும். 'உத்யோகினி' என்று ஒன்று கட்டாயம் இருக்கும். அது கர்நாடக மாநில மகளிர் மேம்பாட்டுக் கழகத்தின் திட்டம், அந்த மாநிலப் பெண்களுக்கு உரியது. 'பாரதிய மகிளா வங்கிக் கடன்' இருக்கும். 2013-இல் தொடங்கிய அந்த வங்கி 2017 ஏப்ரல் 1 அன்று ஸ்டேட் வங்கியோடு இணைந்துவிட்டது. 'தேனா சக்தி' இருக்கும். தேனா வங்கியும் 2019-இல் பாங்க் ஆஃப் பரோடாவோடு சேர்ந்துவிட்டது. இல்லாத வங்கியின் கடனைத் தேடிப் பெண்கள் கிளை கிளையாக அலைந்து, "அரசு சும்மா விளம்பரம் செய்கிறது" என்று மனம் விட்டுப் போவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. நிஜமாகவே நடைமுறையில் இருக்கும் திட்டங்கள் நன்றாகவே இருக்கின்றன. அவை எப்படி வேலை செய்கின்றன என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது. நீங்கள் கேட்கும் மாதிரியான தொழில் கடனை அரசு கொடுப்பதில்லை, வங்கிதான் கொடுக்கிறது. அரசு செய்வது இரண்டு வேலை. ஒன்று, நீங்கள் கட்டாமல் போனால் வங்கிக்கு நஷ்டத்தின் பெரும்பகுதியை ஈடுகட்ட உத்தரவாதம் தருகிறது. முத்ரா இந்த வகை. இன்னொன்று, கடனில் ஒரு பங்கை மானியமாகத் தருகிறது. பிஎம்இஜிபி இந்த வகை. இரண்டிலும் வட்டி உண்டு. இரண்டிலும் கடைசியில் தீர்மானிப்பது உங்கள் ஊர்க் கிளையின் மேனேஜர். ஆகவே எந்தத் திட்டம் என்பதைவிட, "இந்தப் பெண் தவணையைக் கட்டிவிடுவாள்" என்று அந்த மேனேஜர் நம்ப என்ன வேண்டும் என்பதுதான் பெரிய கேள்வி.

முத்ரா 2015 ஏப்ரலில் தொடங்கியது. 50,000 ரூபாய் வரை சிசு, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். தருண் கடனை வாங்கி ஒழுங்காக அடைத்தவர்களுக்கு 2024-லிருந்து 20 லட்சம் வரை 'தருண் பிளஸ்' உண்டு. அடமானம் கிடையாது, மானியமும் கிடையாது. உங்கள் 3 லட்சம் கிஷோரில் வரும். முத்ராவில் ஒரு நல்ல வசதி, மெஷினுக்குத் தவணைக் கடனும் சரக்குக்கு நடைமுறை மூலதனமும் இரண்டுமே கேட்கலாம்.

பிஎம்இஜிபி 2008-லிருந்து இருக்கிறது. உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை, சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையிலான திட்டங்களுக்குக் கிடைக்கும். பெண்கள் எந்தச் சாதியாக இருந்தாலும் இதில் சிறப்புப் பிரிவு. கிராமத்தில் தொழில் தொடங்கினால் 35 சதவீதம், நகரத்தில் 25 சதவீதம் மானியம். சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும். கேட்க அருமையாக இருக்கிறது, ஆனால் உங்களுக்கு இதில் ஒரு சிக்கல். புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும்தான் இது. ஏற்கெனவே நடக்கும் தொழிலை விரிவாக்க, முன்பே பிஎம்இஜிபி அல்லது முத்ரா வாங்கி நன்றாக நடத்துபவர்களுக்கான இரண்டாம் கடன் என்ற பிரிவு தனியாக உண்டு, அது உங்களுக்கு இப்போது பொருந்தாது. நீங்கள் உற்பத்தி செய்து விற்றுக்கொண்டிருக்கிறீர்கள். பழைய தேதி போட்ட உத்யம் (சிறு தொழில் பதிவு) சான்றிதழோ உணவுப் பாதுகாப்புப் பதிவோ கையில் இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். அதை மறைத்துப் புதுத் தொழில் என்று எழுதித் தர ஏஜென்ட் தயாராக இருப்பார். செய்யாதீர்கள், பின்னால் நேரில் வந்து சரிபார்க்கும்போது மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

(இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: இன்னும் தொழில் தொடங்கவில்லை என்றால் பிஎம்இஜிபியையோ, வேலையில்லா இளைஞர்களுக்கான தமிழக அரசுத் திட்டமான யுஒய்இஜிபியையோ முதலில் பாருங்கள். பின்னதில் 25 சதவீதம், அதிகபட்சம் 3.75 லட்சம் மானியம். ஒப்புதல் வருவதற்கு முன் மெஷின் வாங்கிவிடாதீர்கள். 10 லட்சத்துக்கு மேல் முதலீடு போடும், படித்த முதல் தலைமுறைத் தொழில் முனைவோர் என்றால் தமிழக அரசின் 'நீட்ஸ்' திட்டம். பட்டியல் சாதி, பழங்குடியினர் என்றால் 35 சதவீத மானியம் தரும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தை விட்டுவிட வேண்டாம். இவை எல்லாவற்றுக்கும் மாவட்டத் தொழில் மையம்தான் வாசல்.)

சகோதரி, உங்கள் தொழிலுக்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருப்பது பிஎம்எஃப்எம்இ. குறு உணவு பதப்படுத்தும் தொழில்களுக்காக 2020-இல் வந்தது. ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்கும் கிடைக்கும். 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம். சொந்தப் பங்கு 10 சதவீதம். மசாலா, ஊறுகாய், அப்பளம், மாவு, தின்பண்டம் எல்லாம் இதற்குள் வரும். இந்தத் திட்டத்துக்கென்று மாவட்டத்துக்கு மாவட்டம் வள நபர்கள் இருக்கிறார்கள். திட்ட அறிக்கை எழுதுவது, இணையத்தில் ஏற்றுவது, வங்கியில் பேசுவது எல்லாம் அவர்கள் வேலை. கடன் ஒப்புதலானால் அவர்களுக்கு 20,000 ரூபாய் வரை அரசே கொடுக்கிறது. நீங்கள் ஒரு பைசா தரத் தேவையில்லை. ஏஜென்டுக்குப் பதில் அந்த நபரின் தொலைபேசி எண்ணை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டு வாங்குங்கள். நடப்பு நிதியாண்டில் இலக்கு மீதம் இருக்கிறதா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். எல்லா மானியத் திட்டங்களும் ஆண்டு இலக்கை வைத்துத்தான் ஓடுகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் விண்ணப்பித்தால் நிதானமாகப் பார்ப்பார்கள்.

இப்போது கணக்கு. மெஷின்கள் 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பங்கு 20,000. வங்கிக் கடன் 1,80,000. மானியம் 70,000. இந்த 70,000 உங்கள் கையில் வராது. வங்கியில் தனிக் கணக்கில் கிடக்கும். மூன்று வருடம் தவணை ஒழுங்காகக் கட்டி, தொழிலும் நடந்துகொண்டிருந்தால் கடனில் கழிப்பார்கள். நடுவில் கடன் வாராக் கடனாகிவிட்டால் அந்தப் பணம் உங்களுக்கு இல்லை. ஆகவே மானியத்தை மறந்துவிட்டு முழுத் தவணையையும் கட்ட முடியுமா என்று பாருங்கள். 11 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதம் சுமார் 3,900 ரூபாய். இப்போது மில்லுக்குக் கொடுக்கும் அரவைக் கூலி, போய்வரும் ஆட்டோச் செலவு, பக்கத்து வீட்டாருக்கு அரைத்துக் கொடுத்தால் வரக்கூடிய கூலி மூன்றையும் எழுதிக் கூட்டுங்கள். மெஷினுக்கு ஆகும் கரண்ட் பில்லையும் கழித்துப் பாருங்கள். மீதி 3,900-ஐத் தாண்டினால் தைரியமாக வாங்கலாம். தாண்டாவிட்டால் சின்ன மெஷினாகப் பாருங்கள். மானியம் கிடைக்கிறதே என்று தேவைக்கு மேல் பெரிய மெஷின் வாங்கி, ஓட்டச் சரக்கில்லாமல் மூடி வைப்பவர்கள் நிறையப் பேர்.

இந்தச் சரக்கு விஷயத்தில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். பிஎம்எஃப்எம்இ மானியம் மெஷினுக்குத்தான், மிளகாய்க்குக் கிடையாது. உங்கள் தொழிலிலோ லாபம் மெஷினில் இல்லை, வாங்கும் நேரத்தில் இருக்கிறது. ராமநாதபுரம் முண்டு மிளகாய் அறுப்பு ஓடும்போது விருதுநகர் சந்தையில் ஒரு விலை, ஐப்பசி கார்த்திகையில் வேறு விலை. மல்லியும் அப்படித்தான். சீசனில் மூட்டை கணக்கில் வாங்கிக் காயவைத்துப் பத்திரப்படுத்துகிறவர்தான் வருடம் முழுக்க ஒரே விலைக்குப் பொடி கொடுக்க முடியும். கடைக்காரர்களோ பணத்தை இரண்டு மூன்று வாரம் கழித்துத் தருவார்கள். மெஷினுக்கு மட்டும் கடன் வாங்கி, சரக்குக்குக் கந்துவட்டி வாங்கினால் லாபம் முழுக்க வட்டிக்கே போய்விடும். ஆகவே சரக்குக்கான 1 லட்சத்தை முதலிலேயே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு மிகச் சுலபமான வழி மகளிர் சுய உதவிக் குழு. நீங்கள் குழுவில் இருக்கிறீர்களா என்று எழுதவில்லை. இருந்தால் பெரிய பலம். தமிழ்நாட்டில் குழுக்கள் 1989-இல் தர்மபுரியில் தொடங்கின, ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு அவற்றை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியது 1992-இல். அந்த வரலாற்றினால்தான் இன்று குழுவின் கையெழுத்துக்கு வங்கியில் ஒரு மரியாதை இருக்கிறது. ஊரக வாழ்வாதார இயக்கத்தின் குழுக்களுக்கு 3 லட்சம் வரையிலான கடனுக்கு 7 சதவீத வட்டி, 20 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது. அந்தப் பணத்திலிருந்து உங்கள் பங்கை மிளகாய்க்கு எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்றும் உண்டு: உணவுத் தொழில் செய்யும் குழு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனம் அதே பிஎம்எஃப்எம்இயில், குழுக்களின் கூட்டமைப்பு வழியாகக் கிடைக்கும். சரக்குக்கும் சிறு கருவிகளுக்கும் என்றே வைத்தது அது. ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் கேளுங்கள். குழுவில் இல்லை என்றால் சரக்குக்கு முத்ரா கேட்கலாம். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் என்றால் அவர்களுக்கான தமிழக அரசுக் கழகமான டாப்செட்கோவின் பெண்களுக்கான கடன் 2 லட்சம் வரை 5 சதவீத வட்டியில் உண்டு. கூட்டுறவு வங்கியில் விசாரியுங்கள், வருமான வரம்பு பார்ப்பார்கள்.

சரி, மேனேஜரிடம் போவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

உங்கள் பெயரில் கணக்கு, உங்கள் பெயரில் வரவு. கிராமங்களில் நடப்பது என்னவென்றால், கடைக்காரர் கூகுள் பேயில் அனுப்பும் பணம் கணவருடைய எண்ணுக்குப் போகும். மூன்று வருடம் வியாபாரம் செய்தும் மனைவியின் பாஸ்புக் வெறுமையாக இருக்கும். வங்கிக்குத் தெரிந்தது பாஸ்புக் மட்டும்தான். இன்றைக்கே உங்கள் எண்ணில் க்யூஆர் வாங்கி ஒட்டுங்கள். ரொக்கமாக வருவதையும் வாரம் ஒருமுறை கணக்கில் போட்டு எடுங்கள். ஆறு மாத வரவு செலவு, எவ்வளவு சிறிதானாலும், பேசும். கூடவே ஒரு சாதாரண நோட்டில் எந்தக் கடைக்கு எவ்வளவு போட்டீர்கள், எவ்வளவு வந்தது என்று தேதி போட்டு எழுதி வாருங்கள். அச்சடித்த திட்ட அறிக்கையை யார் வேண்டுமானாலும் தயாரித்துத் தரலாம், கையெழுத்து நோட்டை நீங்கள் மட்டும்தான் எழுத முடியும் என்பது மேனேஜருக்கும் தெரியும்.

அப்புறம் சிபில், அதாவது உங்கள் கடன் வரலாற்றுப் பதிவு. "நான் வங்கியில் கடனே வாங்கியதில்லை" என்று பல பெண்கள் நினைக்கிறார்கள். வாரத் தவணைக் குழுக் கடன் தரும் மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனங்களும் கடன் விவரங்களைப் பதிவு செய்கின்றன. அவசரத்துக்கு வாங்கியது, உறவுக்காரப் பெண்ணுக்காக உங்கள் ஆதாரைக் கொடுத்து வாங்கியது எல்லாம் அங்கே இருக்கும். இந்தியாவில் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகக் கிடைக்கும். விண்ணப்பிப்பதற்கு முன்பே எடுத்துப் பாருங்கள். அடைத்த கடன் பாக்கி என்று காட்டினால், அந்த நிறுவனத்திடம் நிலுவையில்லாச் சான்று வாங்கித் திருத்தச் சொல்லுங்கள்.

உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் கார்டும் இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம். பான் இல்லாத மிகச் சிறு தொழில்களுக்கு 'உத்யம் அசிஸ்ட்' என்று தனி வழி 2023-லிருந்து உண்டு. உணவுப் பொருள் விற்பதால் உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். சிறு அளவுக்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்தான். ஜிஎஸ்டி 40 லட்சம் விற்பனைக்குள் கட்டாயமில்லை, அதைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

பெயரைச் சரிபாருங்கள். நம் பெண்களுக்கு இது தனித் தொல்லை. பள்ளிச் சான்றிதழில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல், பான் கார்டில் கணவர் பெயரே பின்னால் ஒட்டியிருக்கும். மூன்றும் ஒன்றாக இருக்கும்படி முன்பே மாற்றிவிட்டால் ஒரு மாத அலைச்சல் மிச்சம். வீடு கணவர் அல்லது மாமனார் பெயரில் இருந்தால், அங்கே தொழில் நடத்தச் சம்மதம் என்று எழுதி வாங்கி, வீட்டு வரி ரசீதோடு வையுங்கள். மும்முனை (த்ரீ ஃபேஸ்) மின்சாரத்தில் ஓடும் மெஷின் என்றால் மின் இணைப்பை மாற்ற ஆகும் செலவையும் திட்டத்தில் சேர்க்க மறக்காதீர்கள்.

மெஷினுக்குக் கொட்டேஷன் வாங்கும்போது கோயம்புத்தூரிலோ மதுரையிலோ நேரில் போய் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். உங்கள் மிளகாயை ஒரு கிலோ கொண்டுபோய் அரைத்துப் பாருங்கள். நிறமும் மணமும் மாறினால் அந்த மெஷின் வேண்டாம். கடன் தொகை நேராக மெஷின்காரர் கணக்குக்குத்தான் போகும். "அதிகமாக பில் போட்டு மீதியைக் கையில் தருகிறேன்" என்பவரிடம் வாங்காதீர்கள். அந்த அதிகப் பணத்துக்கும் வட்டி கட்டப்போவது நீங்கள்.

பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் நல்லது. மாவட்ட முன்னோடி வங்கிகள் நடத்தும் ஆர்செட்டி பயிற்சி மையங்களில் கிராமப்புறத்தினருக்குப் பயிற்சி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம். பயிற்சி முடிந்த பிறகும் கடன் விண்ணப்பத்தில் கூட நிற்பார்கள். நானும் முதலில் சொல்வது இங்கே போங்கள் என்றுதான். சான்றிதழைவிட, இதே மாதிரி இருபது முப்பது பெண்களோடு இருந்துவிட்டு வருவதில் ஒரு தெம்பு வரும்.

மேனேஜர் கேட்கும் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். கணவர் கூட வரட்டும், பேச வேண்டாம். ஒரு கிலோ மிளகாய் காய்ந்து காம்பு கிள்ளி அரைத்தால் எத்தனை கிராம் தூள் தேறும், கால் கிலோ பாக்கெட்டில் எவ்வளவு நிற்கும் என்பது உங்களுக்கு விரல் நுனியில் இருக்கும். பெண் பெயரில் கடன் வாங்கி ஆண்கள் வேறு எதற்கோ செலவழித்த கணக்குகளை வங்கிக்காரர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். தொழில் உங்களுடையது என்று தெரிந்த நிமிடம் அவர்கள் பேச்சே மாறிவிடும். அதே போல, உங்களுக்குத் தெரியாத தொழிலுக்குக் கையெழுத்து மட்டும் போடச் சொல்லி வீட்டில் யார் கேட்டாலும் போடாதீர்கள். கட்டாமல் போனால் சிபிலில் விழுவது உங்கள் பெயர், அடுத்த முறை உங்கள் தொழிலுக்கே கடன் கிடைக்காது.

"அடமானம் வேண்டும், நகை வையுங்கள்" என்று சொன்னால் பயப்பட வேண்டாம். குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்கு அடமானம் வாங்கக் கூடாது என்பது 2010-லிருந்தே ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அதைச் சண்டையாகச் சொல்லாமல், "உத்தரவாத நிதியில் போட முடியுமா சார்?" என்று கேளுங்கள். விண்ணப்பத்தைக் கொடுத்தால் ஒப்புகை கட்டாயம் வாங்குங்கள். வாய்மொழியாக "பிறகு பார்க்கலாம்" என்பது பதில் இல்லை. முழு ஆவணங்களோடு தந்த விண்ணப்பத்துக்கு, 25 லட்சம் வரையிலான கடன் என்றால், 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். காரணம் தெரிந்தால் பாதியைச் சரிசெய்துவிடலாம்: சிபில், பெயர்ப் பிழை, கொட்டேஷன் பழையது என்று பெரும்பாலும் திருத்தக்கூடிய விஷயமாகவே இருக்கும்.

அப்படியும் நகரவில்லை என்றால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரைப் பாருங்கள். கலெக்டர் அலுவலகத்தில் கேட்டால் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்வார்கள். எந்தக் கிளையில் எந்த விண்ணப்பம் தேங்குகிறது என்று பார்ப்பதே அவர் வேலை. வங்கியிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் சரியான பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. 14448 என்ற எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்கலாம்.

ஆக, உங்களுக்கு நான் சொல்லும் வரிசை: முதலில் க்யூஆரும் சிபில் அறிக்கையும் உத்யமும். அடுத்து மாவட்டத் தொழில் மையத்தில் பிஎம்எஃப்எம்இ வள நபரைப் பிடித்து மெஷினுக்கு விண்ணப்பம். சரக்குக்குக் குழுக் கடன். பிஎம்எஃப்எம்இ இழுத்தடித்தால் காத்திருந்து ஒரு சீசனை இழக்க வேண்டாம், 3 லட்சத்தையும் முத்ரா கிஷோரிலேயே கேட்டுவிடுங்கள். மானியம் போனாலும், மில்லுக்கு நடக்காத ஒரு வருடமும் சீசன் விலையில் வாங்கிய மிளகாயும் அதில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடும். நீங்கள் குழுவில் இருக்கிறீர்களா, கணக்கு எந்த வங்கியில், இப்போது மாதம் எத்தனை கிலோ அரைக்கிறீர்கள் என்று எழுதினால் திட்ட அறிக்கையில் என்னென்ன எண்கள் வர வேண்டும் என்று சொல்கிறேன்.